ஈரப் புடவைக் கஷாயம்

லலிதாம்பாளைக் கரமனை ஆற்றுப் படித்துறையில் ஈரப் புடவையோடு உட்கார வைத்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போய்விட்டீரே, உமக்கு மனசாட்சி உண்டா என்று வாசகிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை என்னிடம் கேட்பானேன்? அவளை அங்கே அனுப்பிய நீலகண்டய்யர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாகப் படுத்திருக்கிறார். அவரைக் கேளுங்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகண்டய்யர் பென்ஷன் வாங்கும் தாசில்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் அனந்தபத்மநாபன் சர்க்கார் குமாஸ்தா. அவன் மனைவிதான் லலிதாம்பாள். ஆடி மழையில் நனைந்துகொண்டே கோயிலுக்குப் போய் வந்த மாமனாருக்கு முதலில் ஜலதோஷம், பிறகு இருமல், பிறகு காய்ச்சல். பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்த மருமகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. அவருக்குக் காய்ச்சல் என்பது தெருவுக்கே தெரியும். இவளுக்கு வந்தது இவள் புருஷன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"உடம்பு சுடறது" என்று அவனிடம் சொன்னாள்.

"அப்பாவுக்கு நன்னாகட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றான். காய்ச்சல்கூட அந்த வீட்டில் வயசு பார்த்து வரிசையில் நிற்க வேண்டும் போலிருக்கிறது.

இந்த ஊரில் ஒருவர் தும்மினால் நாலு திசையிலிருந்தும் வைத்தியம் வீடு தேடி வரும். நீலகண்டய்யருக்குப் பூர்வீகம் திருநெல்வேலி, ஆகவே கண்டந்திப்பிலி ரசம். எதிர்வீட்டு அம்மாமிக்குத் தஞ்சாவூர். கண்டந்திப்பிலியாவது ஒன்றாவது, அதிமதுரமும் சித்தரத்தையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்காவிட்டால் சளி நெஞ்சில் இறங்கிவிடும் என்று அவள் பயமுறுத்திவிட்டுப் போனாள். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கத்து நாயர் வீட்டுப் பாருக்குட்டியம்மா, உச்சந்தலையில் தேய்க்க ராஸ்னாதிப் பொடியும், சுக்குக் காப்பிக்குத் துளசியும் கருப்பட்டியும் கொடுத்தாள். அனந்தபத்மநாபனோடு வேலை பார்க்கும் விழிஞ்ஞத்து மைதீன் பிள்ளை, எங்கள் வீட்டில் சளிக்கு இதுதான் என்று கருஞ்சீரகமும் தேனும் அனுப்பியிருந்தார். சாலைக் கடைத்தெருவிலிருந்து டாக்டர் கோலப்பனின் மிக்சர் ஒரு குப்பி.

நீலகண்டய்யர் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. மிக்சரில் கம்பவுண்டர் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தானோ என்று மகன் தயங்கியபோது, "உடம்பு தேறணும்னா இதெல்லாம் பார்க்கப்படாதுடா" என்று அவரே தீர்ப்புச் சொல்லி, மடக்கென்று குடித்தார். பெரிய மனசு.

அந்தப் பெரிய மனசு வீட்டு அடுப்பு வரைக்கும் வரவில்லை. வெளியிலிருந்து வருகிற மருந்து எப்படியும் வரலாம். வீட்டில் வைக்கிற கஷாயம் மட்டும் மடியாக வைக்க வேண்டும். சமையலுக்கானால் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டால் போதும். மருந்துக்கு அது போதாது. ஓடுகிற ஆற்றில் தலை முழுகி, வழியில் யார் மேலும் படாமல் வந்து, மடிப் புடவையோடு அடுப்பு மூட்ட வேண்டும். அவருடைய தாயார் அப்படித்தான் செய்தாளாம்.

ஆடி மழையில் மடிப் புடவை எங்கே காயும்? கொடியில் சொட்டிக்கொண்டே கிடக்கிறது. ஆகவே அதையே முழுகும்போது நனைத்து, பிழிந்து, ஈரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து வைப்பதற்காகக் காய்ச்சல்காரி ஆற்றில் முழுக வேண்டும் என்று எந்த வைத்திய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியவன் கையில் கிடைத்தால் நல்லது.

அப்படி முழுகி எழுந்தவள்தான் தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பற்கள் கிட்டித்துப் போயின. உடம்பு உள்ளே கொதித்தது, வெளியே நடுங்கியது.

அப்போது பாருக்குட்டியம்மா துணி துவைக்க வந்துகொண்டிருந்தாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்தவள், கையை நீட்டியவள், ஒரு முழம் தள்ளி அப்படியே நின்றுவிட்டாள்.

"குட்டி, ஞான் தொட்டால் நீ திரும்பவும் முங்கணும் இல்லியா?"

லலிதாம்பாள் தலையை ஆட்டினாள்.

ஒருத்தி விழக் கிடக்கிறாள். இன்னொருத்தி தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தொட்டால் உபகாரம் இல்லை, உபத்திரவம். பாருக்குட்டியம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல, கோபத்தாலும் வந்தது. லலிதாம்பாள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். கொஞ்சம் நின்றாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். பாருக்குட்டியம்மா தொடாமல், விடாமல், பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்தாள்.

அதே சமயத்தில்தான் தெருமுனையில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பாகீரதி இறங்கினாள்.

பாகீரதி நீலகண்டய்யரின் மூத்த மகள், அனந்தபத்மநாபனின் அக்கா. அதே ஊரில் ஸ்ரீவராகத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேட்டு, பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று வண்டியைக் காத்திருக்கச் சொல்லியிருந்தாள். நாத்தனார் என்றாலே கதைகளில் கொம்பும் வாலும் வைத்து எழுதுவது வழக்கம். எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது.

"பாகீரதியம்மாளே, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள் பாருக்குட்டியம்மா. "அப்பாவைப் பார்க்கத்தானே போறேள்? அதுக்கு முன்னே அந்தக் குட்டியைப் பாருங்கோ. நல்ல காய்ச்சலாக்கும். ஆத்துல முங்கிட்டுப் போறது."

"யாரு, லலிதாவா? காய்ச்சலோட எதுக்கு முங்கறா?"

"மருந்து வைக்க."

"அவளுக்கா?"

"அப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டுப் பாருக்குட்டியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் கொடுத்த துளசியும் கருப்பட்டியும் இப்படி ஒருத்தியை ஆற்றில் தள்ளும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

பாகீரதி உள்ளே நுழைந்தபோது வீடு மருந்துக் கடை மாதிரி மணத்தது. நீலகண்டய்யர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் ராஸ்னாதிப் பொடி, கழுத்தில் கம்பளி மப்ளர். காலடியில் அனந்தபத்மநாபன் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தான். மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சுகிறது.

"வா பாகீரதி. பிழைச்சுண்டேன்னு வச்சுக்கோ" என்றார். குரல் கணீரென்று இருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"ஜுரம் விட்டாச்சு. இருமல்தான் கொஞ்சம் பாக்கி. கஷாயம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனா அதுவும் போயிடும்."

அவர் காய்ச்சல் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் கஷாயம் கொதித்து இறங்கி, லலிதாம்பாள் டம்ளரோடு வந்தாள். புடவையிலிருந்து தரையில் நீர் சொட்டியது. உதடு வெளுத்து, கண் சிவந்திருந்தது. பாகீரதியைப் பார்த்து, "வாங்கோ அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அடிவயிற்றிலிருந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினாள். டம்ளர் மட்டும் ஆடவில்லை. அவ்வளவு பழக்கம்.

"தள்ளி நின்னு இருமு" என்றார் மாமனார்.

பாகீரதி எழுந்தாள். நேரே போய் லலிதாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டியில் வந்த புடவையோடு, வெளியிலிருந்து வந்த கையோடு, தெரிந்தே பிடித்தாள்.

"அக்கா, மடி" என்றாள் லலிதாம்பாள்.

"மடி கிடக்கட்டும். அனலாக் கொதிக்கறதேடி."

நீலகண்டய்யர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன காரியம் பண்ணினே? விழுப்புக் கையால தொட்டுட்டயே. இனி அந்தக் கஷாயத்தை நான் எப்படிக் குடிக்கறது? லலிதா, அதைக் கொட்டிடு. போய் முங்கிட்டு வந்து வேற வை."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காப்பியில் சர்க்கரை போதாது என்று சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னார். லலிதாம்பாளும் டம்ளரோடு திரும்பினாள். எனக்கு எரிச்சலாக இருப்பது அவர் சொன்னதைவிட, அவள் திரும்பியதுதான்.

பாகீரதி பிடித்த கையை விடவில்லை. "எங்கே போறே?"

"ஆத்தங்கரைக்கு."

"ஒரு அடி எடுத்து வச்சயானா எனக்குக் கெட்ட கோபம் வரும். அனந்தா, நீ என்ன காலைப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கே? உன் ஆம்படையாளுக்கு ஜுரம்னு உனக்குத் தெரியுமோ தெரியாதோ?"

அனந்தபத்மநாபன் அப்பாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "சொன்னா. அப்பாவுக்கு நன்னாகட்டும்னு..."

"அப்பாவுக்கு நன்னாயாச்சு. குரலைக் கேட்டாலே தெரியறது. போய் டாக்டர் கோலப்பனை அழைச்சுண்டு வா. அதுவரைக்கும் இந்த மிக்சரையாவது அவளுக்கு ஒரு வாய் கொடுக்கறேன்."

மாடத்தில் இருந்த குப்பியை எடுக்கப் பாகீரதி கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே" என்றார் நீலகண்டய்யர். "அவ அதைக் குடிக்கப்படாது."

"ஏன்?"

"கம்பவுண்டர் எந்தக் கிணத்து வெள்ளத்தைக் கலக்கறானோ. அதைக் குடிச்சுட்டு அவ எப்படிச் சமையல்கட்டுக்குள்ளே போவா? இந்த வாரம் முழுக்க அடுப்பைத் தொட முடியாது."

"நீங்க குடிச்சேளே?"

"நான் சமைக்கலையே."

இந்தப் பதிலை அவர் சொன்ன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷம் கோர்ட்டும் தாலுகா கச்சேரியுமாக இருந்தவர், தீர்ந்துபோன வழக்கு என்று தலையணையில் சாய்ந்துகொண்டார். குடிக்கிறவனுக்குத் தீட்டில்லை, சமைக்கிறவளுக்குத் தீட்டு. அவர் பிழைக்க எல்லா மருந்துக்கும் வழி விடுகிற ஆசாரம், அவள் பிழைக்க ஒரு ஸ்பூன் மருந்துக்கு வழி விடாது. இதற்குப் பெயர் ஆசாரமென்றால், அநியாயத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

"பெரிய கோயில் கதவையே போன வருஷம் எல்லா ஜாதிக்கும் திறந்து விட்டாச்சு அப்பா" என்றாள் பாகீரதி. "மகாராஜாவே உத்தரவு போட்டார். பத்மநாப சுவாமி ஒண்ணும் சொல்லலை. இந்த வீட்டு அடுப்பு மட்டும் அவ்வளவு உசந்து போச்சாக்கும்?"

"கோயிலைப் பத்தி இங்கே பேசாதே."

"அடுப்பைப் பத்தித்தான் பேசறேன். அம்மா இருந்தப்போ என்ன நடந்ததுன்னு எனக்கு ஓர்மை இருக்கு. அவளும் இதே மாதிரி ஈரத்தோட நின்னு, ஈரத்தோட இருமி..."

"பாகீரதி."

அவர் அதட்டியதில் அவள் நின்றுவிட்டாள். அம்மா எப்படிப் போனாள் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நெஞ்சுச் சளி என்பார்கள். அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்கள். அனந்தபத்மநாபனின் கை அப்பாவின் பாதத்தில் ஓய்ந்துபோய்க் கிடந்தது.

அப்போது, இதுவரைக்கும் மாமனாரிடம் வாயைத் திறக்காத லலிதாம்பாள் பேசினாள்.

"அப்பா, ஒண்ணு கேட்கலாமா?"

"என்ன?"

"நான் அந்த மிக்சரைக் குடிச்சா நிச்சயமா அடுப்பைத் தொடப்படாதா?"

"தொடப்படாதுதான். அதுக்குத்தானே சொல்றேன்."

"கஷாயமும் வைக்கப்படாதா?"

"கஷாயம் எப்படி வைப்பே? ஆத்தங்கரைக்கும் போக வேண்டாம், ஒண்ணுக்கும் வேண்டாம்." புத்தி சொல்கிற தொனியில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

லலிதாம்பாள் கஷாய டம்ளரைத் தரையில் வைத்தாள். மாடத்துக்குப் போனாள். குப்பியின் தக்கையைப் பிடுங்கி, அவர் குடிக்கிற அதே அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, நிதானமாகக் குடித்தாள். கசப்பில் முகம் சுளித்தது. கிளாஸைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள்.

மாமனார் சொல்லை மீறினாள் என்று சொல்ல முடியாது. அவர் சொன்ன சட்டத்தைத்தான் அவள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக்கூடத் தொண்டை கரகரன்னு இருக்கு" என்றாள் பாகீரதி. குப்பியை வாங்கி, அவளும் ஒரு கிளாஸ் குடித்தாள். "இப்போ இந்த வீட்டுல அடுப்பைத் தொடறதுக்குப் பொம்மனாட்டி யாரும் இல்லை. லலிதா, நீ புடவையை மாத்திண்டு படு. உலர்ந்த புடவையாக் கட்டிக்கோ. மடியும் வேண்டாம், கிடியும் வேண்டாம்."

லலிதாம்பாள் அறைக்குள் போனாள். ஒரு நிமிஷத்தில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. பகல் வேளையில் அந்த வீட்டில் அவள் பாய் விரித்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ எனக்குக் கஷாயம்?" என்றார் நீலகண்டய்யர்.

"உங்க பிள்ளை வைப்பான். அவன் மிக்சர் குடிக்கலையே. அனந்தா, எழுந்திரு. துண்டை எடுத்துண்டு ஆத்தங்கரைக்குப் போய் முங்கிட்டு வா. வர வழியில யார் மேலேயும் பட்டுடாதே. ஈர வேஷ்டியோட அடுப்பை மூட்டு. எப்படின்னு தெரியலேன்னா கேளு, சொல்லித் தரேன்."

அக்கா கேலி செய்கிறாளா, நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அனந்தபத்மநாபனுக்குப் புரியவில்லை. ஆனால் யாராவது கட்டளையிட்டால் எழுந்து நிற்பது அவன் சுபாவம். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வாசலுக்குப் போய் வெளியே பார்த்தான். மழை தெரு தெரியாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

உள்ளேயிருந்து அப்பா பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"அனந்தா, எங்கேடா போறே? உனக்குப் பைத்தியமா? இந்த மழையில ஆத்துல முங்கினா ஜுரம் பிடிச்சுண்டுடும். கொல்லையில வெந்நீர் போட்டுக் குளிச்சுட்டு வச்சாப் போரும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொன்னவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைமேல் இருந்த பாசத்தில், மனசில் இருந்தது அப்படியே வந்துவிட்டது. அப்படியானால் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. ஆடி மழையில் ஆற்றில் முழுகினால் காய்ச்சல் வரும் என்பது தெரியும். வெந்நீரில் குளித்துவிட்டு வைத்தாலும் கஷாயம் கஷாயம்தான் என்பதும் தெரியும். தெரிந்தே இத்தனை நாளும் அவளை அனுப்பியிருக்கிறார்.

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. லலிதாம்பாள் அழுகிறாள் என்று நினைத்துப் பாகீரதி ஓடினாள். லலிதாம்பாள் அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விலாவைப் பிடித்து, மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள்.

"அக்கா, உங்க வண்டி இருக்கோ, போயிடுத்தோ?"

"தெருமுனையில நிக்கறது."

"என்னையும் அழைச்சுண்டு போங்கோ. இங்கே படுத்துண்டா நாளைக்கு எழுந்து ஆத்தங்கரைக்குப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

பாகீரதி உலர்ந்த புடவை இரண்டை மூட்டை கட்டினாள். தன் சால்வையை எடுத்து லலிதாம்பாளைச் சுற்றிப் போர்த்தினாள். போகிற வழியிலேயே டாக்டர் கோலப்பன் வீட்டில் நிறுத்தி நெஞ்சைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். அந்த இருமல் அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ கேட்ட இருமலாக இருந்தது.

வண்டி வாசலுக்கு வந்தது. கொல்லை வேலியைச் சுற்றிக்கொண்டு பாருக்குட்டியம்மா ஓலைக்குடையோடு வந்தாள். இந்தத் தடவை அவள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. லலிதாம்பாளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள்.

அனந்தபத்மநாபன் தோளில் துண்டோடு மழையில் வந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நேரமும் அவன் மனைவியோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒரு வழியாகக் கேட்டான்.

"எப்போ திரும்பி வருவே?"

உள்ளே நீலகண்டய்யர், வெந்நீர் அடுப்பு பற்ற வைத்தாயா என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

லலிதாம்பாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்போ உங்ககிட்டச் சொன்னாரே, வெந்நீர்ல குளிச்சாப் போரும்னு. அதை அப்பா என்கிட்டச் சொல்லட்டும். சொன்ன அன்னிக்கு வரேன்."